குழாய் மேல் டப்பா

யல்மாரி அடியில் மல்லாந்து படுத்து
வடிகால் போல்ட்டைத் தளர்த்தினார்.
முதலில் வந்தது தண்ணீர்,
அரைக் குவளை இருக்கும்.
பிறகு பால் கூடிப்போன காபி நிறத்தில் ஏதோ.
அதற்கும் பிறகுதான் எண்ணெய்,
வர மனமில்லாதது போல.

"தண்ணீர் எப்படி இறங்கியது, தெல்லெர்வோ?"

கூரை ஒழுகுகிறது என்றேன்.
கூரை ஒழுகத்தான் செய்கிறது.

ஐம்பத்தேழாம் வருடத்து வால்மெட்.
மூன்று சிலிண்டர், டீசல்.
பண்ணையை எனக்கு எழுதித் தந்தபோது
கிணற்று மோட்டாருக்கும் ஓர் உடைந்த படகுக்கும் நடுவே
பட்டியலில் பதினோராவது:
டிராக்டர் ஒன்று, ஓடும் நிலையில்.
அன்று ஓடியது.
ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன்,
பல்லெல்லாம் ஆட.

இப்போது நடுச் சிலிண்டரில்
ரிங்குகள் சுவரைக் கவ்விக்கொண்டன.
கிராங்க்கில் இரண்டு மீட்டர் குழாயைச் செருகி
இருவரும் தொங்கிப் பார்த்தோம்.
குழாய்தான் வளைந்தது.

சமையல் மேசையில் கணக்கு.
பிஸ்டன், லைனர், கேஸ்கெட், பம்பைப் பிரித்துக் கழுவ
எல்லாமாக ஆயிரத்து நானூறு யூரோ.
பிளாக்கில் விரிசல் இருந்தால் அதுவும் வீண்.
சரிசெய்து விற்றால் ஆயிரம் தேறும்,
கேட்டு வர ஒருவன் இருந்தால்.
பழைய இரும்புக்குப் போட்டால்
ஆயிரத்து எழுநூறு கிலோ, கிலோ பதினெட்டு சென்ட்,
முந்நூற்று ஆறு.
அதில் லாரிக்காரன் இருநூற்று முப்பது கேட்கிறான்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

உழவும் நிலம் இல்லை, குத்தகைக்குப் போயாயிற்று.
பனி தள்ள ஒரு ஜப்பான் வண்டி இருக்கிறது,
மைனஸ் முப்பதிலும்
முனகாமல் எழுந்துகொள்கிறது.

யல்மாரி பென்சிலைக் கீழே வைத்தார்.
நான் எடுத்து மறுபடி கூட்டினேன்.
அதே தொகை.

"ஊறட்டும்" என்றார் கடைசியில்.
"டீசல் பாதி, கியர் எண்ணெய் பாதி.
பன்னிரண்டு யூரோ. ஒரு மாதம்.
எஞ்சின் இளகாவிட்டாலும்
நீ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாய்."

இன்ஜெக்டர்களைக் கழற்றி ஊற்றினோம்.
விசிறிப் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு.
மாலைதோறும் டாப் கியரில் போட்டு
பின் சக்கரத்தைத் தோளால் முட்டுவேன்.
முன்னே. பின்னே.
டயர் அசையும், அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் கோடு
நகக்கண் அளவு நகர்ந்திருந்தது,
அல்லது என் சட்டைக்கை பட்டுக் கலைந்திருந்தது.
யல்மாரிக்குச் சொல்லவில்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு.

வந்த முதல் கோடையில்
சன்னல்களுக்கு வெள்ளை அடித்தேன்.
தூரிகை ஊறவைக்க டப்பா தேடினேன்.
பழைய சொந்தக்காரர்
புகைக்குழாய் மேல் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.
காபி டப்பா, நசுங்காதது.
அங்கே அதற்கு என்ன வேலை என்று
ஒரு கணமும் கேட்டுக்கொள்ளாமல் எடுத்தேன்.
தூரிகைகள் நன்றாக ஊறின.
சன்னல்கள் இன்னும் வெள்ளை.
குழாயோ, ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே
ஆறு வருடம் வாய் திறந்து நின்றது.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது,
வரவிலா செலவிலா?
டப்பாவை நான் எடுக்காதிருந்தால்
இந்த வண்டி எனக்கு வேண்டுமா?
வேண்டாம் என்றே நினைக்கிறேன்.
விற்றிருப்பேன், ஓடும்போதே,
நல்ல விலைக்கு.

அக்டோபர் பதினான்கு, இரவு பத்து மணி.
தகரத்தில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து விழ ஆரம்பித்தது.
அலமாரியில் காபி டப்பா,
நாலு நாளுக்கு மேல் தூள் இருந்தது.
பாத்திரத்தில் கொட்டினேன்.
இரவுச் சட்டைமேல் கோட்டு, பூட்ஸ், டார்ச்.
வாய் குழாய்க்குச் சற்றுப் பெரிது;
காற்றுக்குக் கடகடவென்று ஆடியது.
ஒரு கந்தலைச் சுற்றி அழுத்தினேன்.

காலையில் யல்மாரி வந்தார்.
டப்பாவைப் பார்த்தார்.
கூரையைப் பார்த்தார்.
பிறகு வீட்டுச் சன்னல்களை, ஒவ்வொன்றாக.

"தூளை எதில் வைத்திருக்கிறாய்?"

பாத்திரத்தில் என்றேன்.

"நமத்துப் போகுமே" என்று
பூட்ஸைக் கழற்ற வாசலில் உட்கார்ந்தார்.